வலது பக்கம் கேட்ட சத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில், மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் யாருடைய மோட்டார் மக்கர் செய்தாலும், "நாகையாவைக் கூப்பிடு. காதை வச்சே சொல்லிடுவான்" என்பார்கள். நாகையாவும் அதற்காகவே காத்திருந்தவன் போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவான். எஞ்சினைக் கிளப்பச் சொல்வான். தலையைச் சாய்த்து, வலது காதை எஞ்சினுக்கு மேலே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வான். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சற்று நேரம் கழித்து, வரம் கொடுக்கிறவன் மாதிரி கண்ணைத் திறந்து, "மூணாவது வால்வு" என்பான். அல்லது "காத்தாடி பெல்ட்டு" என்பான்.

பத்துக்கு நாலு சரியாக இருக்கும். மீதி ஆறை ஊர் மறந்துவிட்டது. ஊருக்கு முன்னாலேயே நாகையா மறந்துவிட்டான்.

தலையை அப்படிச் சாய்ப்பது பெரிய கைகாரனுக்கே உள்ள லட்சணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கார் நிறுத்தத்தில் இருந்த மற்ற டிரைவர்களில் இரண்டு மூன்று பேர் அதே மாதிரி சாய்த்துப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். நாகையா அதைப் பார்த்து உள்ளுக்குள் பூரித்துப்போனான்.

அவன் பிறவி மோட்டார்க்காரன் இல்லை. பதினெட்டு வயதில் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன். எஞ்சின் கொதிகலனுக்குள் ஒரு ஆள் நுழைந்து உட்கார்ந்து, வெளியிலிருந்து அடிக்கிற ஆணிக்கு உள்ளேயிருந்து முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த உள்ளே உட்காருகிற ஆள் நாகையா. ஒன்பது வருஷம், மணிக்குள் அடைபட்ட ஈ மாதிரி இருந்தான். பிறகு காப்பார் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவருக்குக் கார் ஓட்டப் போனான். கித்தா ரப்பர் விலை விழுந்தபோது துரை கப்பலேறிவிட்டார். போகும்போது, கப்பலில் ஏற்ற முடியாத அந்தப் பழைய அமெரிக்கக் காரை நாகையாவிடம் விட்டுவிட்டுப் போனார். துணிக் கூரை, பித்தளை ஹார்ன், நாலு மரச்சக்கரம். ஊரில் புதிதாக ஓடிய கார்களெல்லாம் இரும்புச் சக்கரத்துக்கு மாறியிருந்தன. இது மட்டும் மாட்டுவண்டி மாதிரி மர ஆரக்கால்களோடு வந்து நிற்கும். நாகையா ஆரக்கால்களுக்கு மஞ்சள் வர்ணம் அடித்து, அதையும் ஒரு பெருமையாக மாற்றிக்கொண்டான்.

அந்தக் காரை பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் இடையே வாடகைக்கு ஓட்டினான். அவன் மனைவி மாரியாயி, ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆற்றோரம் மூன்று பசு வைத்திருந்தாள். விடியற்காலையில் கறந்து குவார்ட்டர்ஸ் முழுக்கப் பால் ஊற்றிவிட்டு, சாணம் அள்ளி, புல் அறுத்து, கணவன் கோப்பி குடித்து முடிப்பதற்குள் பாதி நாள் வேலையை முடித்துவிடுகிறவள். அவளுக்குக் காரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது நாகையாவின் எண்ணம். அவளும் அப்படி ஒன்றும் சொன்னதில்லை.

சத்தம் முதலில் கேட்டது பொங்கல் முடிந்த சனிக்கிழமை.

சனிக்கிழமை மத்தியானம் என்றால் கிளாரன்ஸ் கிராணி வருவார். ரயில்வே கூட்ஸ் செட்டில் கணக்கு எழுதுகிற கிராணி. இருபத்தாறு வயது, வெள்ளைக் கால்சட்டை, வழித்து வாரிய தலை, கையில் பிஸ்கட் தகரம். கிள்ளானில் ரோசலின் என்ற பெண்ணை அவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். வாரம் ஒருமுறை அவள் வீட்டு வரவேற்பறையில், அவள் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். ரயிலில் அவருக்கு இலவச பாஸ் உண்டு. ஆனாலும் நாகையாவின் காரில்தான் போவார். கிள்ளான் ஸ்டேஷனில் மாப்பிள்ளை இறங்குவதைவிட, வீட்டு வாசலில் கார் வந்து நிற்பது எடுப்பாக இருக்கும் என்று நினைத்தார் போலும்.

முன்சீட்டில், நாகையாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். பத்து தீகா ஊரைத் தாண்டி, ஈயம் தோண்டிய குட்டையை ஒட்டிச் சடக்கு ரோடு வலது பக்கம் வளைகிற இடம். நாகையா ஸ்டீரிங்கை ஒடித்தான்.

கிறீச். டக். கிறீச். டக்.

வளைவு முடிந்ததும் நின்றுவிட்டது.

"அண்ணே, இந்தப் பக்கம் ஏதோ சத்தம் வருது" என்றார் கிளாரன்ஸ், தன் காலடியைக் காட்டி.

நாகையா சிரித்தான். பெரிய மனதோடு சிரிக்கிற சிரிப்பு. "தம்பி, நீங்க மூட்டை எண்ணி எழுதற ஆளு. அத நீங்க பாருங்க. மோட்டார நான் பாக்குறேன். சத்தம் வலது பக்கம் வருது."

"இல்லண்ணே, என் காலுக்குக் கீழதான்..."

"காடிக்குள்ள சத்தம் சுத்தும் தம்பி. பழக்கம் இல்லாதவங்களுக்கு இடம் மாறிக் கேக்கும்."

இந்த வாக்கியத்தை நாகையா பிற்காலத்தில் பல பேரிடம் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்தபின் தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொள்வான்.

கிளாரன்ஸ் பிஸ்கட் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வலது வளைவில் மறுபடி சத்தம் கேட்டது. இடது வளைவில் கேட்கவில்லை. நேர் சடக்கிலும் இல்லை. வலது பக்கம் திரும்பும்போது சத்தம், வலது காதில் சத்தம், ஆகவே கோளாறு வலது பக்கம். கிள்ளான் ஆற்றுப் பாலத்தை எட்டுவதற்குள் நாகையாவுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வலது முன்சக்கரத்தைக் கழற்றினான். பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. "பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புது கிரீஸ் அடைத்து மாட்டினான். சாயந்திரம் நல்ல மழை. திங்கட்கிழமை காரை எடுத்து வலது பக்கம் திருப்பினான். சத்தமே இல்லை.

கார் நிறுத்தத்தில் அன்று முழுக்க அதே பேச்சு. "குண்டுல கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. காதுக்குத்தான் தெரியும்" என்று மற்ற டிரைவர்களுக்கு விளக்கினான்.

வியாழக்கிழமை சத்தம் திரும்பி வந்தது.

இந்தத் தடவை, சக்கரத்தைத் தாங்கி நின்று திருப்புகிற ஆணியில்தான் கோளாறு என்று முடிவு செய்தான். வலது பக்க ஆணிதான், அதில் சந்தேகமே இல்லை. அதைப் பிடுங்கி எடுக்க ஒரு நாள், திரும்ப அடித்து இறக்க ஒரு நாள். சுத்தியல் நழுவிப் பெருவிரல் நகம் கறுத்துப்போனது. இரண்டாம் நாள் இரவு விடிய விடிய மழை. காலையில் காரை எடுத்தான். சத்தம் போய்விட்டது. நாகையா கறுத்த நகத்தைப் பதக்கம் மாதிரி எல்லோருக்கும் காட்டினான்.

அதன்பின் மழை நின்றது. ஒரு வாரம், பத்து நாள், ஆகாயத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சடக்கோரத்து லாலான் புல் பழுத்துப்போனது. பசுக்களுக்குப் புல் தேடி மாரியாயி ஈயக் குட்டைக் கரை வரைக்கும் நடந்தாள். காரில் சத்தம் வந்தது மட்டுமல்ல, வளர்ந்தது. முதலில் வளைவில் மட்டும் முனகிக்கொண்டிருந்தது, இப்போது வலது பக்கம் கொஞ்சம் ஒடித்தாலே கத்தியது. பின்சீட்டு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தடவை பத்து தீகாவில் ஏறிய ஒரு சீனக் கிழவி, இரண்டு வளைவு தாண்டியதும் நிறுத்தச் சொல்லி இறங்கி, வெயிலில் நடந்தே போய்விட்டாள்.

நாகையா யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. பின்சீட்டில் குண்டான ஆள் உட்கார்ந்ததால் என்றான். சடக்கு போட்ட கம்பெனிக்காரன் வளைவைச் சரியாகப் போடவில்லை என்றான். மாரியாயி ஒரு நாள் பால் பாத்திரங்களைக் காரில் ஏற்றியதால்தான் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிட்டது என்று வீட்டில் ஒரு மூச்சு சண்டை போட்டான்.

"ஒரு வாட்டிதானே ஏத்துனேன். அதுவும் காலிப் பாத்திரம்" என்றாள் மாரியாயி.

"காலிப் பாத்திரம்தான் அதிகமா ஆடும்!" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியவில்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல், ஆ கியோங் என்ற சீனன் வைத்திருந்த சின்னப் பட்டறைக்குக் காரை ஓட்டிப்போனான். கோளாறு கேட்கப் போகவில்லை, வேலை சொல்லப் போனான். அந்த வித்தியாசத்தை ஆ கியோங்குக்கு முதலிலேயே புரியவைத்துவிட்டான். வலது பக்க ஸ்பிரிங் பட்டையைக் கழற்றி உள்ளே எண்ணெய் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆ கியோங் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். பிறகு இடது பக்கம் குனிந்து, "கிரி?" என்று மலாயில் கேட்டான். இடது பக்கத்தையும் பார்க்கட்டுமா என்று.

"கிரி வேண்டாம் லா! கானான், கானான்!" என்று வலது பக்க மட்கார்டைத் தட்டினான் நாகையா.

ஆ கியோங் தோளைக் குலுக்கிவிட்டு வலது பக்கம் படுத்துக்கொண்டான். சொன்னதைச் செய்தான். அன்று மழை பெய்யவில்லை. சத்தமும் போகவில்லை.

இதற்கிடையே கிளாரன்ஸின் கல்யாணம் நெருங்கிவிட்டது. தவக்காலம் தொடங்குவதற்குமுன் வைத்துவிட வேண்டுமென்று, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கிள்ளான் மாதா கோயிலில் ஏற்பாடு. மாப்பிள்ளையையும் அவர் வீட்டு ஆட்கள் நாலு பேரையும் நாகையாதான் காரில் கொண்டுபோக வேண்டும். கூரையில் பூ கட்டுவதாகவும், ஹார்னுக்குப் பாலிஷ் போடுவதாகவும் நாகையா வாக்குக் கொடுத்திருந்தான்.

"சத்தம்?" என்று கேட்டார் கிளாரன்ஸ்.

"சனிக்கிழமை அன்னிக்குச் சத்தம் இருந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க தம்பி."

புதன்கிழமை காலை, மாரியாயிக்குப் புண்ணாக்கு மூட்டை எடுக்க வேண்டியிருந்தது. கார் சும்மாதான் நின்றது. பத்து நாளாகச் சவாரி குறைந்துபோயிருந்தது. "ஏறு" என்றான். பின்சீட்டில் மூட்டையைப் போட்டுவிட்டு, அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். அவள் அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது வாடகைக்காரர்களின் இடம்.

திரும்பி வரும் வழியில் குவார்ட்டர்ஸ் திருப்பம். நாகையா வலது பக்கம் ஒடித்தான்.

கிறீச். டக். கிறீச். டக்.

மாரியாயி குனிந்து தன் பக்கத்துக் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "நிறுத்துங்க."

"என்ன?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

பந்து விளையாடுகிற வெற்றுத் திடல் பக்கத்திலேயே இருந்தது. மாரியாயி இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, "வலது பக்கமா சுத்திச் சுத்தி ஓட்டுங்க. மெதுவா" என்றாள்.

"எதுக்கு? ரயில்வேக்காரன் பாத்தான்னா சிரிப்பான்."

"ஓட்டுங்க. நொண்டற மாட்டை நான் இப்படித்தான் பாப்பேன்."

நாகையாவுக்கு வாய்வரைக்கும் ஒரு பதில் வந்தது. ஆனால் ஒரு மாதமாகச் சொன்ன பதில் எதுவும் பலிக்கவில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. ஓட்டினான். மாரியாயி முதலில் வட்டத்துக்கு நடுவே நின்றாள். கார் அவளைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டது. பிறகு வட்டத்துக்கு வெளியே வந்து நின்று, கார் தன்னைத் தாண்டும்போது கூடவே பத்தடி ஓடினாள். புழுதியில் இருமிக்கொண்டே கையைக் காட்டினாள். நிறுத்தினான்.

"நடுவுல நின்னா சத்தம் அந்தப் பக்கமா கேக்குது. வெளியில நின்னா பக்கத்துல கேக்குது. வலது பக்கம் திரும்பும்போது பாரம் பூரா இடது கால் மேல சாயுதுல்ல? நொந்த காலு அதுதான்."

"இடது பக்கமா?" நாகையா சிரிக்கப் பார்த்தான். "நான் காதால கேட்டேன் மாரி. வலது பக்கம்."

அவள் இடது முன்சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பசுவின் காலைத் தடவிப் பார்க்கிற மாதிரி மஞ்சள் ஆரக்கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்தாள். முதலாவது அசையவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது அவள் கைக்குள் சுழன்றது. கிறீச். நாலாவது முன்னும் பின்னும் ஆடி, சக்கரத்தின் நடுக் குடத்தில் இடித்தது. டக்.

நாகையா இறங்கி வந்தான். அவனும் பிடித்துப் பார்த்தான். ஐந்து ஆரக்கால்கள் கழன்றிருந்தன. அவற்றில் ஒன்று அடியில் விரிசல் விட்டு, வர்ணத்தின் பிடியில் நின்றுகொண்டிருந்தது. வெயிலில் மரம் வற்றிச் சுருங்கினால் ஆரக்கால் கழலும். மழையில் நனைந்தால் ஊதி இறுகிக்கொள்ளும். ஆக, ஒரு மாதமாக அவன் செய்த வைத்தியமெல்லாம் மழை செய்த வைத்தியம். கிரீஸ் அடைத்ததும், ஆணி பிடுங்கியதும், நகம் கறுத்ததும், கார் நிறுத்தத்தில் பிரசங்கம் செய்ததும் எதிலும் சேர்த்தி இல்லை.

முதலில் அவனுக்கு வந்தது வெட்கம் இல்லை. ஈயக் குட்டை வளைவு கண்முன் வந்தது. சனிக்கிழமை, கோட்டும் பூவுமாகக் கிளாரன்ஸ், பின்னால் நாலு பேர், அந்த வளைவில் இந்தச் சக்கரம் மடங்கினால் நேரே குட்டைக்குள்தான். படிப்பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு வலது பக்கம்தானே கேட்டுச்சு?" என்றான். யாரையும் கேட்காமல் பொதுவாக.

"உங்களுக்கு எல்லாமே வலது பக்கந்தான் கேக்கும்" என்றாள் மாரியாயி.

"அப்படின்னா?"

அவள் அவனுக்குப் பக்கத்தில், இடது பக்கமாக வந்து நின்றாள். அவன் வலது கையைப் பிடித்து, அவனுடைய வலது காதை அவன் கையாலேயே பொத்தினாள். திடலுக்கு அந்தப்பக்கம் கூட்ஸ் வண்டி பெட்டி மாற்றிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் நின்றுபோனது. மாரியாயியின் உதடு அசைந்தது. நாகையா பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கோ தூரத்தில் ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய ஓசை, அவ்வளவுதான். கையை எடுத்தான்.

"என்ன சொன்னே?"

"புண்ணாக்கு மூட்டைய இறக்கணும்னு சொன்னேன்."

கொதிகலனுக்குள் ஒன்பது வருஷமும் இடது காதைத்தான் ஆணி அடிக்கிற சுவரை ஒட்டி வைத்து உட்காருவான். அது அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

மாரியாயி யோசித்தாள். "நாலு வருஷம் இருக்கும். படுத்துக்கிட்டு ஏதாவது சொல்லுவேன். பதிலே வராது. நான் என்னமோ கோவம்னு நெனச்சுக்கிட்டு அழுதிருக்கேன். ஒரு நாளு நீங்க பொரண்டு படுத்தீங்க, அப்ப சொன்னதுக்குப் பதில் வந்துச்சு. மறுநாளு பாயை மாத்திப் போட்டேன்."

பாய் மாற்றிப் போட்டது நாகையாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜன்னல் காற்றுக்காக என்று நினைத்து, வந்த விருந்தாளிகளிடம்கூட அந்த யோசனை தன்னுடையது என்று சொல்லியிருக்கிறான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே ஒரு வாட்டி. எந்தப் பக்கம் நின்னு சொன்னேனோ தெரியல."

நாகையாவுக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. ஆனால் வந்தது சிரிப்பு. படிப்பலகையில் உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். காதால் கார் பார்க்கிற மகான், ஒரு காது செத்ததையே நாலு வருஷமாகக் கேட்கவில்லை. எஞ்சினுக்கு மேல் தலையைச் சாய்த்தானே, அது கைகாரத்தனம் இல்லை, கேட்கிற காதைக் கொண்டுபோய் வைத்த பிழைப்பு. அந்தச் சாய்வைப் பார்த்துப் பழகிய மற்ற டிரைவர்களை நினைத்ததும் இன்னும் அதிகமாகச் சிரிப்பு வந்தது. இரண்டு காதும் நன்றாக இருக்கிற ஆட்கள், வீணாகக் கழுத்து வலிக்கச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மாரியாயியும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சாயந்திரம் சக்கரத்தைக் கழற்றி உருட்டி வந்தான். மாட்டுவண்டிச் சக்கரம் செய்கிற ராதாகிருஷ்ணன் ஆசாரி, புது ஆரக்கால் செதுக்கிப் போட அடுத்த புதன்கிழமை ஆகும் என்றார். "அவசரம்னா ராத்திரி பூரா தண்ணியில போட்டு வை. ரெண்டு மூணு நாளைக்கு இறுகி நிக்கும்" என்றும் சொன்னார்.

நாகையா சக்கரத்தை மாட்டுத் தொட்டியில் போட்டான். மூன்று பசுவும் தண்ணீர் குடிக்க வந்து, மஞ்சள் ஆரக்கால்களைப் பார்த்துவிட்டு விலகி நின்றன. காலையில் எடுத்துப் பார்த்தான். கல் மாதிரி இறுகியிருந்தது. விரிசல் விட்ட ஆரக்கால்கூட அசையவில்லை. மாட்டி ஓட்டினால் சனிக்கிழமை சத்தமே வராது. கூரையில் பூ, பளபளக்கும் ஹார்ன், கிள்ளான் வரைக்கும் வாய் திறக்காத சக்கரம். சொன்ன வாக்கையும் காப்பாற்றிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

தொட்டியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கூட்ஸ் செட்டுக்குப் போனான்.

கிளாரன்ஸ் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நாகையா சுற்றி வந்து அவருக்கு இடது பக்கம் நின்றான், தன் வலது காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே அப்படி நின்றான்.

"தம்பி, சனிக்கிழமை காடி வராது."

கிளாரன்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க, உங்க காலுக்குக் கீழன்னு. அங்கதான் இருந்துச்சு. நான் உங்கள மூட்டை எண்ணச் சொன்னேன்." ஆரக்கால் விஷயத்தையும் தொட்டி விஷயத்தையும் சொன்னான். கடைசியில் காது விஷயத்தையும் சொன்னான். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கார் இல்லை என்று கேட்கிற மாப்பிள்ளைக்கு என்ன தோன்றுமோ அதெல்லாம் கிளாரன்ஸின் முகத்தில் வந்து போனது. பிறகு மெல்ல, "நான் அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லாம இருந்தது ஏன் தெரியுமா அண்ணே?" என்றார். "எனக்குத்தான் காது சரியில்லையோன்னு பயந்துட்டேன். ரயில்வேல டாக்டர் சோதனை உண்டு. தெரிஞ்சா வேலை போயிடும்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளாரன்ஸுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"உங்க பேரை மாத்திக் கூப்பிடலாம்னு சொன்னீங்களே" என்றார்.

"என்ன பேரு வேணா வைங்க. இந்தப் பக்கம் நின்னு கூப்பிடுங்க."

சனிக்கிழமை மாப்பிள்ளை ரயிலில் போனார். இலவச பாஸ் இருக்கும்போது இத்தனை நாள் காரில் போனதே வீண் என்று அவருடைய சித்தப்பா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாகையாவும் மாரியாயியும் அதே வண்டியில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மாரியாயி தன் ஒரே பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். நாகையாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். பத்து தீகாவைத் தாண்டும்போது, கித்தா மரங்களுக்கு இடையே சடக்கு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. குட்டை வளைவு தெரிகிறதா என்று நாகையா எட்டிப் பார்த்தான். தெரியவில்லை. அதுவும் நல்லதுதான் என்று உட்கார்ந்துகொண்டான்.

கிள்ளான் ஸ்டேஷனில் பெண் வீட்டார் குடையும் பாண்டு வாத்தியமுமாக வந்து நின்றார்கள். கார் வந்திருந்தால் இதெல்லாம் இருந்திருக்காது. மாப்பிள்ளை ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஊர்வலமாக நடந்தார். வழியில் இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கிளாரன்ஸின் முகத்தைப் பார்த்த நாகையாவுக்கு, தன் கார் வராததில் தனக்குக்கூட ஏதோ பங்கு இருக்கிற மாதிரி ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. உடனே அதைப் பிடித்து உள்ளே தள்ளினான்.

பூசை முடிந்து, கோயில் பக்கத்துக் கொட்டகையில் சாப்பாடு. நாகையாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாகையா சோற்றில் கவனமாக இருந்தான். மாரியாயி முழங்கையால் இடித்தாள். நாகையா திரும்பினான்.

"மன்னிச்சுக்குங்க. இந்தக் காது செத்துப்போச்சு. கொஞ்சம் ஓங்கிச் சொல்லுங்க" என்றான்.

வெளி ஆளிடம் இப்படிச் சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அந்த மனிதர் காப்பாரில் லோரி வைத்திருப்பவர், பெயர் ரெங்கசாமி. லோரியில் பிரேக் பிடிக்கும்போது பின்னால் ஒரு சத்தம் வருகிறதாம். சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிற ஆள் ஒருவர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்களாம்.

"அது இவங்க" என்று நாகையா மாரியாயியைக் காட்டினான்.

ரெங்கசாமி சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். மாரியாயி ரசத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டு, "லோரியப் பத்தி எனக்கு என்னண்ணே தெரியும்?" என்றாள். பிறகு கையைக் கழுவ எழுந்தவள், "எங்க நிக்குது? ஒரு வாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றாள்.